நான்கு மீட்டருக்குள் ஒரு வரலாறு: டஸ்டர், எக்கோஸ்போர்ட், க்ரெட்டா

பெரம்பலூர் ஒரு மாவட்டத் தலைநகரம். ஆனால் அந்த ஊருக்கு ரயில் பாதை கிடையாது! ரயில் ஏற வேண்டும் என்றால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரியலூருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். அரியலூரில் ரயில் இருக்கிறது. ஆனால் ஊரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள், அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள். அந்த லாரிகள் ஓடி ஓடி ரோடு என்ன கதி ஆகும் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் வேகத்தடை வேறு.

இப்படிப்பட்ட இடத்தில் கார் வாங்குபவர் முதலில் கேட்பது, "அடி தட்டுமா?" என்பது தான். அதனால் தான் டி.என். 46 (பெரம்பலூர்), டி.என். 61 (அரியலூர்) நம்பர் பிளேட் வண்டிகளில் ஒரு காலத்தில் சுமோவும் பொலீரோவும் கண்ணில் பட்டன. பிறகு, பார்ப்பதற்கு ஜீப் மாதிரியும் ஓட்டுவதற்குக் கார் மாதிரியும் இருக்கும் சின்ன எஸ்.யூ.வி.கள் வந்தன.

இந்தச் சின்ன எஸ்.யூ.வி. அலையைத் தொடங்கி வைத்த மூன்று வண்டிகள் ரெனோ டஸ்டர், ஃபோர்டு எக்கோஸ்போர்ட், ஹூண்டாய் க்ரெட்டா. மூன்று நிறுவனங்களும் மூன்று வேறு நாட்டைச் சேர்ந்தவை. ஆனால் மூன்று வண்டிகளும் பிறந்தது ஒரே மாவட்டத்தில்: அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம். டஸ்டர் ஒரகடத்தில், எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில், க்ரெட்டா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். அதிலும் மறைமலை நகர் இருப்பது பெரம்பலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் அதே பழைய என்.எச். 45 சாலையின் ஓரத்தில்.

மூன்றில் எது நல்ல வண்டி? இந்தக் கேள்விக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு கிடைத்த பதில் வேறு, இன்று கிடைக்கும் பதில் வேறு. ஏன் அப்படி மாறியது என்பது தான் இந்தக் கட்டுரை.

ஜீப்பும் இல்லை, காரும் இல்லை

முதலில் கிராஸ்ஓவர் என்றால் என்ன என்று பார்க்கலாம். லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம் (சேசிஸ்) இருக்கும். அதன் மேல் உடம்பைத் தனியாகத் தூக்கி வைத்து போல்ட் போடுவார்கள். டாடா சுமோ (1994), மஹிந்திரா பொலீரோ (2000), ஸ்கார்ப்பியோ (2002) எல்லாம் இந்த வகை தான். உறுதியானவை. ஆனால் எடை அதிகம், டீசல் அதிகம், வளைவில் ஆட்டமும் அதிகம்.

காரில் அந்தத் தனிச் சட்டம் கிடையாது. உடம்பும் அடிப்பாகமும் ஒன்றாகவே செய்யப்பட்டிருக்கும். இந்தக் கார் அமைப்பை வைத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் கூட்டி, எஸ்.யூ.வி. தோற்றம் கொடுத்தால் அது கிராஸ்ஓவர். 1994ல் ஜப்பானில் வந்த டொயோட்டா ராவ்-4 இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிறது. ஆனால் இந்தியாவில் அது மலிவு விலைக்கு வர மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதற்கு வழி திறந்துவிட்டது ஒரு கார் கம்பெனி கூட இல்லை, ஒரு பட்ஜெட்!

சிதம்பரத்தின் அளவு நாடா

2006 பிப்ரவரி 28 அன்று மத்திய நிதியமைச்சர் ப.சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சின்னக் கார் என்றால் எது? அதற்கும் இலக்கணம் சொல்லப்பட்டது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் என்றால் 1,200 சி.சி.க்கு மேலும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மேலும் போகக் கூடாது. அவ்வளவு தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இதன் பலம் புரியும். ஆலையில் 6 லட்சம் மதிப்புள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 சதவீதம் என்றால் வரி 1,44,000 ரூபாய். 16 சதவீதம் என்றால் 96,000. வித்தியாசம் 48,000. பிறகு சின்னக் கார் வரி 12 சதவீதமாகக் குறைந்து, பெரிய கார் வரி 24 சதவீதமாகவே இருந்த காலத்தில் இதே வித்தியாசம் 72,000 ஆனது. வாங்குபவருக்கு இது இரண்டு மூன்று வருடத்து டீசல் செலவு. கம்பெனிக்கு இது போட்டியில் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் உள்ள இடைவெளி.

ஆகவே ஒரு வகை வண்டி இந்தியாவில் பிறந்தது: 3,995, 3,999 என்று நான்கு மீட்டருக்கு ஒரு விரல் குறைவாக நிற்கும் எஸ்.யூ.வி. 2009ல் வந்த பிரீமியர் ரியோ இந்த அளவுக்குள் வந்த முதல் வண்டி. ஆனால் அதை விற்கவும் பழுது பார்க்கவும் பெரிய அமைப்பு இல்லாததால் அது பெயர் வாங்கவில்லை.

மூன்று வண்டிகள் வந்த கதை

2012 ஜூலையில் ரெனோ டஸ்டர் வந்தது. நீளம் 4,315 மில்லிமீட்டர், அதாவது நான்கு மீட்டர் சலுகை இதற்குக் கிடையாது. தொடக்க விலை 7.19 லட்சம் (பெட்ரோல்), டீசல் 7.99 லட்சம். அதுவரை 7 லட்சத்துக்கு செடான் வாங்க நினைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2013ஆம் ஆண்டின் சிறந்த இந்தியக் கார் விருதும் இதற்கே கிடைத்தது.

2013 ஜூன் மாதம் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்தது. நீளம் 3,999 மில்லிமீட்டர்! தொடக்க விலை 5.59 லட்சம். டீசல் 6.69 லட்சம். இந்த விலையைப் பார்த்து ஷோரூம்களில் கூட்டம் கூடியது. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.யைத் தாண்டியதால், நீளம் சரியாக இருந்தும் அந்த மாடலுக்கு வரிச்சலுகை கிடைக்கவில்லை. டீசலுக்கும், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோலுக்கும் மட்டும் கிடைத்தது. ஒரே வண்டி, ஒரே ஆலை, எஞ்சினைப் பொறுத்து இரண்டு வரி.

2015 ஜூலையில் ஹூண்டாய் க்ரெட்டா வந்தது. நீளம் 4,270 மில்லிமீட்டர். தொடக்க விலை 8.59 லட்சம். மூன்றில் இது தான் விலை அதிகம். இதற்கும் நான்கு மீட்டர் சலுகை கிடையாது. ஆனால் 2016ஆம் ஆண்டின் சிறந்த இந்தியக் கார் விருதைப் பெற்றது இது தான்.

ஓட்டத்தில் யார்?

எஞ்சின் பலத்தைப் பார்த்தால், டஸ்டர் டீசலில் 85, 110 பி.எஸ். என்று இரண்டு வகை. எக்கோஸ்போர்ட் டீசல் சுமார் 90 பி.எஸ்., அதன் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் 125 பி.எஸ். க்ரெட்டாவில் 1.4 டீசல் 90, 1.6 டீசல் 128, பெட்ரோல் 123 பி.எஸ். காகிதத்தில் க்ரெட்டா முன்னால் நிற்கிறது.

ஆனால் மோசமான ரோட்டில் கதை வேறு. டஸ்டரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 205 மில்லிமீட்டர். குழியில் இறங்கி ஏறினாலும் உள்ளே இருப்பவர்களுக்கு அதிர்ச்சி தெரியாத சஸ்பென்ஷன் அதன் பெரிய பலம். 2014ல் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலும் வந்தது. சுண்ணாம்புக்கல் லாரி போன ரோட்டுக்கு மூன்றில் பொருத்தமானது எது என்றால் டஸ்டர் என்று தான் சொல்ல வேண்டும். பின்னால் சாமான் வைக்கும் இடமும் 475 லிட்டர். இரண்டு சின்ன வெங்காய மூட்டையைத் தாராளமாக வைக்கலாம்! க்ரெட்டாவில் 402 லிட்டர், எக்கோஸ்போர்ட்டில் சுமார் 350 லிட்டர்.

எக்கோஸ்போர்ட்டின் பலம் ஸ்டீயரிங். வளைவில் கார் மாதிரியே திரும்பும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டர். 550 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. நான்கு வழிச்சாலையில் சென்னைக்கும் திருச்சிக்கும் ஓடுபவர்களுக்கு ஓட்டும் சுகம் இதில் அதிகம் என்று வாகனப் பத்திரிகைகளும் பாராட்டின.

காசுக்கு மதிப்பு

விலை மட்டும் பார்த்தால் எக்கோஸ்போர்ட் ஜெயித்தது. டீசல் காலத்துக்கும் அது பொருந்தியது. 2010 ஜூனில் பெட்ரோல் விலை நிர்ணயம் எண்ணெய் நிறுவனங்களின் கைக்குப் போனது. டீசல் விலையோ 2014 அக்டோபர் வரை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம். எனவே தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுபவர் டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுத்தாலும் சீக்கிரம் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

2013 பட்ஜெட்டில் சிதம்பரமே இன்னொரு கோட்டையும் போட்டார். எஸ்.யூ.வி.களுக்குக் கலால் வரி 27லிருந்து 30 சதவீதம் ஆனது. ஆனால் நீளம், தரையிலிருந்து உயரம், எஞ்சின் ஆகிய எல்லாமே வரம்பைத் தாண்டினால் தான் அந்த வரி. டஸ்டர் நீளத்தில் தாண்டியது, உயரத்தில் தாண்டியது. ஆனால் டீசல் எஞ்சின் 1,461 சி.சி. மட்டுமே, 1,500ஐத் தாண்டவில்லை. தப்பித்தது!

மதிப்பு என்று பேசும்போது பாதுகாப்பையும் சேர்த்தே பேச வேண்டும். 2017ல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத டஸ்டர் அடிப்படை மாடல் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார் வாங்கியது. ஏர்பேக் உள்ள மாடல் மூன்று ஸ்டார் வாங்கியது. அதாவது விலை குறைவாக இருக்கிறதே என்று அடிப்படை மாடல் வாங்கியவர், மிச்சம் பிடித்தது எதில் என்று யோசிக்க வேண்டும்.

நம்பகத்தன்மை என்றால் என்ன?

இங்கே தான் விஷயம் சிக்கலாகிறது. மூன்று வண்டியின் டீசல் எஞ்சின்களும் நல்ல பெயர் எடுத்தவை. குறை இல்லாத வண்டி எதுவும் இல்லை. 2015ல் பின் சஸ்பென்ஷன் போல்ட் பிரச்சினைக்காக 16,444 எக்கோஸ்போர்ட்களை ஃபோர்டு திரும்ப அழைத்துச் சரி செய்தது. திரும்ப அழைப்பது அவமானமான விஷயம் இல்லை. தவறை மறைப்பதை விட அது நல்லது தானே?

எனவே 2015ல் ஒருவர் அட்டவணை போட்டு ஒப்பிட்டிருந்தால், எக்கோஸ்போர்ட்டை வாங்கியது சரியான முடிவு தான். விலை சரி, மைலேஜ் சரி, ஓட்டம் சரி. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் 2018லிருந்து அமெரிக்காவிலேயே விற்கப்பட்டது. இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

ஆனால் அந்த அட்டவணையில் ஒரு வரி விடுபட்டிருந்தது.

2021 செப்டம்பர் 9

அன்று தான் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. சென்னை, சாணந்த் ஆலைகளில் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. அதற்கு முன் மஹிந்திராவுடன் 2019ல் அறிவித்த கூட்டு முயற்சியும் 2020 டிசம்பர் 31 அன்று கைவிடப்பட்டிருந்தது. எக்கோஸ்போர்ட் நன்றாக விற்ற வண்டி தான். ஆனால் ஒரே ஒரு வண்டியை நம்பி இரண்டு பெரிய ஆலைகளை நடத்த முடியாது. 2016ல் மாருதி விட்டாரா ப்ரெஸ்ஸா, 2017ல் டாடா நெக்ஸான், 2019ல் ஹூண்டாய் வென்யூ என்று நான்கு மீட்டருக்குள் போட்டி வந்த பிறகு அந்த ஒன்றின் பங்கும் கரைந்தது.

2022 மே மாத இறுதியில் மறைமலை நகர் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் ஆலையை விட்டு வெளியே வந்தது. அதே காலகட்டத்தில் டஸ்டரின் தயாரிப்பும் இந்தியாவில் நின்றது. மூன்று வண்டிகளில் மிச்சம் நின்றது க்ரெட்டா மட்டும்.

ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு "நிறுவனத் தொடர்ச்சி அனுமானம்" நினைவிருக்கும். ஒரு நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று எடுத்துக்கொண்டு தான் கணக்கு எழுத வேண்டும் என்பது அது. தேய்மானம் போடுவதே அந்த நம்பிக்கையில் தான். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. ஆனால் கார் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரியாமலேயே இந்த அனுமானத்தைத் தான் செய்கிறது. ஐந்து ஏழு வருடக் கடன், பத்துப் பதினைந்து வருட ஓட்டம், கடைசியில் ஒரு ரீசேல் விலை. இந்தக் கணக்கு முழுவதும் கம்பெனி இருக்கும் என்ற ஒரு வரியின் மேல் நிற்கிறது.

ஃபோர்டு ஓடிப்போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும் என்று அறிவித்தது. ஆனால் புதுக் கார் விற்காத டீலருக்குக் கடை நடத்த என்ன வருமானம்? சென்னையில் இருப்பவருக்கு இன்னொரு சர்வீஸ் சென்டர் கிடைக்கும். பெரம்பலூர், அரியலூர்க்காரருக்கு ஏற்கனவே பெரிய வேலை என்றால் திருச்சி போகும் நிலை. அங்கும் தேட வேண்டி வந்தால்? வண்டியில் ஒரு குறையும் வராமலேயே அதன் மதிப்பு ஒரே நாள் செய்தியில் இறங்கிவிடுகிறது. எந்தத் தேய்மான முறையிலும் இதற்கு விகிதம் கிடையாது.

இது ஃபோர்டோடு தொடங்கிய கதையும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இந்தியாவில் செவர்லே கார் விற்பதை நிறுத்தியது. அந்த வண்டிகளை வாங்கியவர்களும் இதே அனுபவத்தைக் கண்டவர்கள் தான்.

க்ரெட்டா ஏன் ஜெயித்தது?

வரி தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் க்ரெட்டா ஜெயித்திருக்கவே கூடாது. நான்கு மீட்டர் சலுகை இல்லை, விலையும் அதிகம். ஆனால் 2024 பிப்ரவரிக்குள் இந்தியாவில் மட்டும் பத்து லட்சம் க்ரெட்டா விற்றதாக ஹூண்டாய் அறிவித்தது. வசதிகள், தோற்றம் எல்லாம் காரணம் தான். இன்னொரு காரணம், 1998ல் சான்ட்ரோவோடு வந்த நாளிலிருந்து ஹூண்டாய் சின்னக் கார், பெரிய கார் என்று எல்லா விலையிலும் வண்டி வைத்துக்கொண்டு நிலைத்து நின்றது. சின்ன ஊர்க்காரர் அதிகம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இந்த நிலைப்புக்காகக் கொடுத்தது என்று சொல்லலாம். இதற்காக க்ரெட்டா எல்லாவற்றிலும் மேல் என்று அர்த்தமில்லை. 2022ல் குளோபல் என்கேப் சோதனையில் அது வாங்கியது மூன்று ஸ்டார். நான்கு மீட்டருக்குள் இருக்கும் நெக்ஸான் 2018லேயே ஐந்து ஸ்டார் வாங்கிவிட்டது.

கோடு இன்னும் அழியவில்லை

2006ல் போட்ட கோடு இன்றும் இருக்கிறது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அதே 4,000 மில்லிமீட்டர், அதே 1,200, 1,500 சி.சி. தான். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான புதிய விகிதத்தில் இந்த அளவுக்குள் வரும் கார்களுக்கு 18 சதவீதம், தாண்டும் கார்களுக்கு 40 சதவீதம். கோடு மாறவில்லை. கோட்டின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள பள்ளம் தான் ஆழமாகியிருக்கிறது.

ஆலைகளும் அழியவில்லை. ஒரகடம் ஆலையில் நிசானிடம் இருந்த பங்கை 2025ல் ரெனோ முழுவதும் வாங்கிக்கொண்டது. 2025 அக்டோபரில் மறைமலை நகர் ஆலையில் எஞ்சின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக ஃபோர்டு அறிவித்தது. ஆனால் இந்தியர்களுக்கு மறுபடி கார் விற்பதாக அந்த அறிவிப்பில் இல்லை.

பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. அரியலூரில் ரோடு போடவும் பாலம் கட்டவும் சிமெண்ட் இருக்கிறது. டயரும் ரோடும் உள்ளூரில் கிடைக்கும், வண்டி மட்டும் வெளியூரில் எடுக்கும் முடிவுகளை நம்பி ஓடுகிறது. ஆகவே அடுத்த முறை இரண்டு மூன்று வண்டிகளை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது விலை, மைலேஜ், பி.எஸ்., ஸ்டார் எல்லாம் எழுதிய பிறகு கீழே இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "பத்தாவது வருடம் இந்தக் கம்பெனி இங்கே இருக்குமா? இருக்கும் என்று எதை வைத்து நினைக்கிறோம்?" அதற்கு எதிரே எழுதும் பதிலையும் விலையோடு சேர்த்துத் தான் கணக்குப் பார்க்க வேண்டும்.